இருபத்தெட்டைக் கழித்துப் படிக்கவும்

கேஜ்காரர் ஒரு கட்டிடத்துக்குள் நுழைகிறார் என்றால், அங்கே யாரோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். வாசல் காவலாளி அடையாள அட்டை கேட்டால் எரிந்து விழுவார். கேட்காமல் விட்டால், "யார் வேணா உள்ள போலாமா? இது தொழிற்சாலையா, சந்தையா?" என்று அதற்கும் எரிந்து விழுவார். தேநீர் கொடுத்தால் லஞ்சம் என்பார். கொடுக்காவிட்டால் மரியாதை தெரியாத பயல்கள் என்று வெளியே வந்து சொல்வார். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்துதான்.

பாய்லர் சோதனை அவருடைய வேலை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் பெரிய இரும்புக் கலன்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை போவார். அழுத்தம் காட்டும் கேஜ் சரியாகக் காட்டுகிறதா, அழுத்தம் எல்லை தாண்டினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடும் சேஃப்டி வால்வ் சரியாகத் திறக்கிறதா என்று பார்ப்பார். சரியாக இருந்தால் ஈய சீல் வைத்துக் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு மூடச் சொல்வார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் சீல் வைத்த பாய்லர் ஒன்றுகூட வெடித்ததில்லை. இதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். இதுவரை யாரும் கேட்டதில்லை.

வேலையில் மனுஷர் கறார், கை சுத்தம், கண் துல்லியம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. மற்றபடி அவரோடு நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு ஜீவனைக் காட்டச் சொன்னால் அந்த அலுவலகமே விழிக்கும். சோதனைக்கூடப் பொறுப்பாளரோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு ஸ்பேனரைத் திருப்பி வைக்கிற விஷயத்தில் ஆரம்பித்தது. மாடியில் குடியிருக்கும் மச்சானோடு நாலு வருஷமாக இல்லை. அது ஹாரன் விஷயம். மனைவியோடு பேச்சு இருந்தது. ஆனால் அதில் பேச்சு முழுக்க இவருடையது. அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். அங்கே அவர் சத்தம் போடக் கூடாது, இங்கே அவரால் சத்தம் போட முடியாது.

பாய்லர் மேல் ஏணி வைத்து ஏறுகிறவர்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆண்டுதோறும் மருத்துவச் சான்று வேண்டும். அலுவலகத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு மருத்துவ அறை இருந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா இவரை விடப் பதினைந்து வயது சின்னவர். ஆனால் முகத்தில் சிரிப்பு என்ற ஒன்றை யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தால் அறையில் இருக்கும் மேஜைதான் பாவம்.

"நூத்தி அறுபத்தெட்டு. கீழ நூத்தி நாலு" என்றார் டாக்டர்.

"மறுபடி பாருங்க. உங்க மெஷின்ல கோளாறு."

"மூணு தடவை பாத்தாச்சு சார். மூணாவதுதான் இது. மொதல்ல இதைவிட அதிகம்."

"உங்க மூஞ்சியைப் பாத்தா எவனுக்கும் ஏறும்."

வேறு யாராவது இருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பார்கள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அதுவும் நடக்கறதுதான். சில பேருக்கு டாக்டரைப் பாத்தாலே ஏறும். அப்ப வீட்ல வச்சுப் பாருங்க. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஆறு வாரம். நம்பரை எழுதுங்க, பக்கத்துல அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. சராசரி நூத்தி நாப்பதுக்குக் கீழ இருந்தா கையெழுத்துப் போடறேன். மேல போச்சுன்னா களப்பணி கிடையாது, மேஜை வேலைதான்."

மேஜை வேலை என்றால் மற்றவர்கள் எழுதிக்கொண்டு வரும் அறிக்கைகளை அடுக்கி வைப்பது. ஓய்வுபெற இன்னும் நாலு வருஷம். நாலு வருஷம் காகிதம் அடுக்குவதைவிடக் கிணற்றில் குதிக்கலாம் என்று கேஜ்காரருக்குத் தோன்றியது.

டாக்டர் விடவில்லை. "கோபம் வர்றப்ப ரத்தக் குழாய் சுருங்கும். சுருங்கின குழாய்ல இதயம் அடிச்சுத் தள்ளணும். என்னைக்காவதுன்னா ஒண்ணும் ஆகாது. தினமும்னா குழாயோட உள்சுவர் சேதமாகும், தடிக்கும், அங்க போயி கொழுப்பு படியும். மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதி நீங்கதான் செய்யணும்."

"அது உள்ள வச்சுப் புழுங்கறவனுக்கு. நான் அப்பப்ப கத்தித் தீத்துடுவேன். சேஃப்டி வால்வ்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? பிரஷர் ஏறுச்சுன்னா தூக்கும், வெளிய விடும், உக்காந்துடும். பாய்லருக்கு ஒண்ணும் ஆகாது. நான் அந்த மாதிரி."

டாக்டருக்கு பாய்லர் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததால் நேராகக் கேட்டார். "அந்த வால்வ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கலாம்?"

"தூக்கவே கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை, நான் சோதிக்கறப்ப..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். தினமும் தூக்கிக்கொண்டிருக்கிற வால்வ் ஒழுங்காக உட்காராது. அதன் இருக்கை அரித்துப்போய்க் கசிய ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட பாய்லரை அவர் இருபத்தொன்பது வருஷமாக மூடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது புரிந்ததும் அவருக்குக் கோபம் இரண்டு மடங்கானது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அந்த நேரத்தில் அளந்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்பதை மெஷினுக்கே விட்டுவிடலாம்.

வரும் வழியில் ஒரு பிபி மெஷின் வாங்கினார். கடைக்காரரிடம் சோதனைச் சான்று கேட்டு, அவர் திருதிருவென்று விழித்ததும், "எதையும் சோதிக்காம விப்பீங்க, நாங்க கட்டிக்கிட்டுச் சாகணும்" என்று திட்டிவிட்டு வாங்கினார்.

கேஜ் பார்த்தே வாழ்ந்த மனுஷர் புது மெஷினை அப்படியே நம்பிவிடுவாரா? எந்தக் கருவியையும் முதலில் சோதிக்க வேண்டும், அதன் பிழை எவ்வளவு என்று கண்டுபிடித்து எழுதி ஒட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் அது காட்டுவதைப் படிக்க வேண்டும். இது அவருடைய தொழில் தர்மம். அதன்படி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்தார். மச்சான் வண்டியை எடுக்காத நேரம். பால்காரன் வந்துபோன பிறகு. தேநீர் குடித்து, நாற்காலியில் சாய்ந்து, அரை மணி நேரம் யாரையும் திட்டாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கையில் பட்டையைக் கட்டி மூன்று தடவை அளந்தார். நூற்று நாற்பத்தெட்டு. நூற்று நாற்பத்தேழு. நூற்று நாற்பத்தெட்டு. கீழே தொண்ணூற்று நாலு.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "நான் இப்ப அமைதியா இருக்கேன். அமைதியா இருக்கற மனுஷனுக்கு நூத்தி இருபது, கீழ எண்பது. இது நூத்தி நாப்பத்தெட்டு காட்டுது. அப்ப மேல இருபத்தெட்டு பிழை, கீழ பதினாலு பிழை. மூணு தடவையும் ஒரே மாதிரி வருது பாரு, அதனால இது நிலையான பிழை. கழிச்சுப் படிச்சா சரியாயிடும்."

மனைவி ஜன்னல் ஓரமாக நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். "மெஷின் சரியாவும் இருக்கலாமே" என்றார்.

"உனக்கு என்ன தெரியும் கேஜைப் பத்தி? வா இங்க. கையைக் குடு."

வெளியிலிருந்து ஓர் ஆதாரம் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் மனைவி. குரலை உயர்த்தாத பெண், உப்பு குறைவாகச் சாப்பிடுகிற பெண், பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் நடந்தே வருகிற பெண். ஊரிலேயே யாருக்காவது சரியாக இருக்குமென்றால் இவளுக்குத்தான் இருக்கும் என்று பட்டையைக் கட்டினார். நூற்று நாற்பத்தாறு. தொண்ணூற்று நாலு.

கேஜ்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். "இருபத்தெட்டைக் கழி. நூத்திப் பதினெட்டு. பதினாலைக் கழி. எண்பது. அச்சு அசலா வருது பாரு! ரெண்டு பேருக்கும் சரியா வருதுன்னா பிழை மெஷின்லதான். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

மனைவி கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேஜ்காரர் ஒரு வெள்ளை ஸ்டிக்கரை வெட்டி, முத்து முத்தான எழுத்தில் எழுதினார். 'பிழை: மேல் +28, கீழ் +14. கழித்துப் படிக்கவும்.' தேதி போட்டுக் கையெழுத்திட்டு மெஷினின் நெற்றியில் ஒட்டினார். அன்று முழுக்க மனுஷர் ஓரளவு நல்லபடியாக இருந்தார். அதாவது, மச்சானை மட்டும்தான் திட்டினார்.

நோட்டுப் புத்தகம் ஆரம்பமானது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, காலை, மாலை, என்ன நடந்தது என்று பிரித்தார். ஓரத்தில் 'ஒப்பீடு' என்று இன்னொரு வரிசை. அது மனைவியின் எண். தினமும் மாலை ஏழு மணிக்கு அவரையும் அளந்து, இருபத்தெட்டைக் கழித்து எழுதுவார். மெஷின் வழி தவறாமல் போகிறதா என்று பார்க்கத்தானே ஒப்பீடு. அதற்கு என்ன நடந்தது, ஏது நடந்தது என்ற கேள்வியெல்லாம் கிடையாது. அந்தப் பத்தியே போடவில்லை.

தன்னுடைய பத்தியை மட்டும் விடாமல் நிரப்பினார். 'மச்சான், ஹாரன், இரண்டு தடவை.' 'பஸ் நடத்துநர், சில்லறை.' 'டாக்டர் ஞாபகம் வந்தது.' 'கீழ்வீட்டு நாய்.' 'மனைவி, டப்பா மூடி சரியாக மூடவில்லை.' 'மனைவி, பதில் சொல்லவில்லை.' 'மனைவி, பதில் சொன்னாள்.' ஐந்து வாரத்தில் அந்தப் பத்தியில் தெருவே குடியேறிவிட்டது. இல்லாதவர் ஒரே ஒருத்தர்தான். கழித்து எழுதியதில் சராசரி நூற்று முப்பத்தொன்று. சான்று கையில் கிடைத்த மாதிரிதான்.

மூன்றாவது வாரத்தில் மனைவி ஒருநாள், "பின்மண்டை வலிக்குதுங்க, நாலஞ்சு நாளா" என்றார். ஒப்பீட்டு வரிசையில் அன்றைக்கு நூற்று இருபத்தாறு. "உனக்கு பிரஷர் பிரமாதமா இருக்கு, இதோ என் கையால எழுதியிருக்கேன். நாளெல்லாம் புஸ்தகத்தைப் பாத்துக்கிட்டிருந்தா வலிக்காம என்ன செய்யும்? கண்ணாடியை மாத்து" என்றார் இவர். அந்த அம்மாள் கண்ணாடியை மாற்றினார். தலைவலி மாறவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்ததும் ஒரு துணியை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டு விளக்கில்லாத அறையில் கொஞ்ச நேரம் உட்காருவார். "இருட்டுல என்ன தவமா?" என்று கேட்டுக்கொண்டே இவர் விளக்கைப் போடுவார்.

ஐந்தாவது வாரம் முடிய இரண்டு நாள் இருக்கையில் ஒரு சலவை ஆலைக்குப் போனார். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, ஆவி இஸ்திரி போட்டு அனுப்பும் இடம். பாய்லர் அறையில் சூடு முகத்தில் அறைந்தது. பாய்லர்காரர் அழுக்குத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார். கேஜ்காரர் வணக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கண் கேஜின் மேல் இருந்தது.

அந்த பாய்லருக்கு அனுமதித்த அழுத்தம் ஏழு கிலோ. முள் எட்டில் நின்றது. கேஜுக்கு மேலே ஒரு துண்டு அட்டை, கோணல்மாணலான எழுத்தில்: 'ஒரு கிலோ கூடக் காட்டும். கழித்துப் பார்க்கவும்.'

"யாருய்யா இதை ஒட்டினது?"

"நான்தான் சார்."

"உன்னை யாரு ஒட்டச் சொன்னது? கேஜ் தப்பா காட்டுதுன்னு எந்த மேதை உனக்குச் சொன்னான்? நெருப்பைக் குறை மொதல்ல. குறைய்யா!"

பாய்லர்காரர் ஓடிப்போய்க் குறைத்தார். கேஜ்காரர் பையிலிருந்து தன் மாஸ்டர் கேஜை எடுத்துப் பக்கத்து இணைப்பில் மாட்டினார். அது துறை ஆய்வகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கப்படுவது, பெற்ற பிள்ளையைப் போல் துணியில் சுற்றி வைத்திருப்பது. இரண்டு முள்ளும் சேர்ந்தே இறங்கின. ஏழு முக்கால், ஏழரை, ஏழே கால். மயிரிழை வித்தியாசம் இல்லை. கேஜ் சரி. பாய்லர்தான் எல்லை தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சேஃப்டி வால்வைப் பார்த்தார். போன வருஷம் அவர் வைத்த சீல் அறுந்திருந்தது. திருகு இரண்டு சுற்று இறுக்கப்பட்டிருந்தது.

"இதையும் நீதானா?"

"ஓயாம தூக்கிக்கிட்டே இருந்துச்சு சார். ஒரே சத்தம். கேஜ்தான் தப்பு, வால்வும் தப்பாத்தான் இருக்கும்னு கொஞ்சம் இறுக்கினேன். அப்புறம் சத்தமே இல்ல. அமைதியா இருக்கு."

கேஜ்காரர் வெளுத்து வாங்க ஆரம்பித்தார். இந்த அறையில் எத்தனை பேர், சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை பெண்கள், வெடித்தால் பொறுக்கி எடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது என்று கத்தினார். துவைக்கிற இயந்திரங்களின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நாலு பெண்கள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். "எதை வச்சுய்யா கேஜ் தப்புன்னு முடிவு பண்ணினே? சொல்லு! எதை வச்சு?"

பாய்லர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ஆள். "எப்பவும் ஓடற மாதிரிதான் சார் ஓடுச்சு. நான் ஒண்ணும் புதுசா பண்ணல. எப்பவும் ஓடறது ஏழுலதானே? முள்ளு எட்டு காட்டுச்சு. அப்ப கேஜ்தானே தப்பு?"

"அதுக்கு?"

"நானும் சும்மா ஒட்டல சார். அந்தக் கடைசில இஸ்திரி மெஷின் இருக்குல்ல, அதுல தனியா ஒரு கேஜ் இருக்கு. அதையும் போய்ப் பாத்தேன். அதுவும் எட்டு. ஒண்ணைக் கழிச்சா ஏழு. ரெண்டும் சரியா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஒட்டினேன்."

"அட அறிவு கெட்டவனே! அந்த இஸ்திரி மெஷினுக்கு ஆவி எங்கருந்து போகுது?"

"இதே பாய்லர்ல இருந்துதான் சார்."

"இதே பாய்லர்ல இருந்து போனா அதுலயும் அதே பிரஷர்தானே இருக்கும்! இங்க ஏறினா அங்கயும் ஏறும்! அதை வச்சு இதைச் சரி பாத்தேன்னு சொல்ல உனக்கு வெக்கமா..."

அத்தோடு நின்றுவிட்டார். பாய்லர்காரர் மீதி வசவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கதவோரப் பெண்களும் காத்திருந்தார்கள். மீதி வரவில்லை. கேஜ்காரர் அந்தத் துண்டு அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். 'கழித்துப் பார்க்கவும்.' எழுத்துதான் கோணல். வாசகம் அவருடையது.

பேசாமல் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். பேசாமல் அறிக்கை எழுதினார். ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பாய்லர்காரருக்கு அந்த மௌனம்தான் அதிகம் பயமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது தனக்குத் தானே வாதாடினார். அவன் படிக்காதவன், நான் படித்தவன். அவன் கழித்தது சோம்பலில், நான் கழித்தது மூன்று அளவு எடுத்து. எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. முறைப்படி சரிபார்த்த ஒரு கருவியோடு வைத்துப் பார்க்காமல் எந்தக் கேஜுக்கும் பிழை எழுதக் கூடாது என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். அவர் தன் அமைதியை மாஸ்டர் கேஜாக வைத்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியை எந்த ஆய்வகம் சரிபார்த்தது?

வீட்டுக்குப் போனார். மதியம், மனைவி பள்ளிக்கூடத்தில் இருந்தார். ஜன்னல் கம்பியில் அந்த நெற்றித் துணி காய்ந்துகொண்டிருந்தது. மெஷினையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நேராக அலுவலகச் சோதனைக்கூடத்துக்குப் போனார்.

பொறுப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருஷப் பகையாளி ஒரு பிபி மெஷினோடு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் நக்கல் வரும். வந்தது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் சாவியை மேஜையில் தள்ளினார். பேசிக்கொள்ளாத ஆட்களுக்கு அது ஒரு வசதி.

குறைந்த அழுத்தங்களைச் சரிபார்க்க அங்கே ஒரு பாதரசக் கம்பம் இருந்தது. கேஜ்காரர் மெஷினிலிருந்து கைப்பட்டைக்குப் போகும் ரப்பர் குழாயை வெட்டினார். நடுவில் மூன்று வாய் உள்ள ஓர் இணைப்பைச் செருகி, மூன்றாவது வாயைப் பாதரசக் கம்பத்தோடு சேர்த்தார். பட்டையைக் கையில் கட்டிப் பொத்தானை அழுத்தினார். மெஷினில் எண் ஏற ஏறக் கம்பத்தில் பாதரசமும் ஏறியது. பிறகு இரண்டும் சேர்ந்து இறங்கின. இவர் வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். மெஷின் நூற்று எண்பது, கம்பம் நூற்று எண்பது. மெஷின் நூற்று ஐம்பது, கம்பம் நூற்று ஐம்பத்தொன்று. மெஷின் நூற்று இருபது, கம்பம் நூற்று இருபது. நாலு தடவை செய்தார். ஐந்தாவது தடவை, பிழை வந்து தொலையாதா என்று வேண்டிக்கொண்டே செய்தார். வரவில்லை. கடையில் திட்டி வாங்கிய மெஷின் தங்கம்.

முதலில் சான்றுதான் ஞாபகம் வந்தது. சராசரி நூற்று முப்பத்தொன்று என்றால் உண்மையில் நூற்று ஐம்பத்தொன்பது. போச்சு. ஏணி போச்சு, சீல் போச்சு, நாலு வருஷம் காகிதம். நோட்டைத் தூக்கிச் சுவரில் எறியலாம் போலிருந்தது. எறியவும் ஓங்கினார். திறந்த பக்கத்தில் ஓரத்து வரிசை கண்ணில் பட்டது.

ஒப்பீடு. நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்திரண்டு. நூற்று இருபத்தாறு. நூற்று முப்பது. போன வாரம் நூற்று முப்பத்தாறு.

இருபத்தெட்டைக் கூட்டினார். ஒருதரம் கூட்டி, நம்பாமல் மறுதரம் கூட்டினார். நூற்று அறுபத்து நாலு. தன் கையால் பட்டையைக் கட்டி, தன் கண்ணால் படித்து, தன் பேனாவால் நூற்று முப்பத்தாறு என்று எழுதியிருந்தார். கண்ணாடியை மாற்றச் சொல்லியிருந்தார். அந்தக் கணத்தில் அவர் பயந்தார், வெட்கப்பட்டார். இரண்டும் அவருக்குப் பழக்கமில்லாததால் அருகிலிருந்த நாற்காலியை உதைத்தார்.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து முப்பத்துமூன்று நாளுக்கும் எண்களைத் திருத்தினார். தனக்கும், ஒப்பீட்டுக்கும். கீழே துறை வழக்கப்படி எழுதினார்: 'கருவி சரி. அளந்தவர் தவறு.'

கீழ்த்தளத்தில் டாக்டர் பையை மூடிக் கிளம்பிக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கி நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்தார்.

"திருத்தாம குடுத்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனே" என்றார்.

"போட்டிருப்பீங்க. அதான் உங்க லட்சணம். எவன் எதை எழுதிக் குடுத்தாலும் போட்டுடறது."

டாக்டர் மூடிய பையைத் திறந்தார். ஒரு படிவத்தை எடுத்து, மூன்று மாதத்துக்குக் களப்பணி கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். மாத்திரை எழுதினார். தினமும் நடை, உப்புக் குறைப்பு, கத்தத் தோன்றும்போது ஐந்து நிமிஷம் மெதுவாக மூச்சு விடுவது என்று அடுக்கினார். கேஜ்காரர் படிவத்தை வாங்கிச் சரிபார்த்தார். "தேதி போடல" என்று திருப்பிக் கொடுத்தார்.

தேதி போட்டுக்கொண்டே டாக்டர் கேட்டார். "ஒப்பீடுன்னு போட்டிருக்கே, அது யாரு?"

"வீட்ல."

"மனைவியா? இதுல நூத்தி அறுபத்து நாலு இருக்கு."

"தெரியும்."

"அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதவே இல்லையே?"

மூன்று வாய் இணைப்பு இன்னும் கேஜ்காரர் கையிலேயே இருந்தது. அதைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. இப்பவே பின்மண்டை வலி, மூச்சு முட்டல், நெஞ்சுல பாரம்னு ஏதாவது இருந்தா நாளைக்குன்னு இருக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்தப் பத்தியை அவங்க கையாலயே எழுதச் சொல்லுங்க. நீங்க எழுதாதீங்க."

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. மனைவி சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் துணி இல்லை.

"தலைவலி இருக்கா?" என்றார் கேஜ்காரர்.

இந்த வீட்டில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. மனைவி சந்தேகமாகப் பார்த்தார். "இன்னிக்கு இல்ல. ஏன்?"

"மூச்சு? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்லங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"கையைக் குடு." வெட்டிய குழாயை ஒட்டுப்போட்டுப் பட்டையைக் கட்டினார். நூற்று ஐம்பத்தெட்டு. மனைவி மெஷினின் நெற்றியைப் பார்த்தார். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசைதான் இருந்தது.

"ஸ்டிக்கர் எங்க?"

"பிச்சுட்டேன். மெஷின் சரியாத்தான் இருக்கு."

நூலகருக்குக் கணக்கு வராது என்று கேஜ்காரர் இருபத்தேழு வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார். அந்த அம்மாள் கூட்டி முடிக்க இரண்டு வினாடிகூட ஆகவில்லை. நோட்டை இழுத்தார். சிவப்பு எண்களை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தலைவலின்னு சொன்னேன்" என்றார். குரல் உயரவில்லை.

"நாளைக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள ஒரு பத்தி எழுதணுமாம். உனக்கு அந்தந்த நாள்ல என்ன நடந்துச்சுன்னு. நீயே எழுதணுமாம்." பிறகு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. தப்பு நடந்துவிட்டது என்று ஆரம்பித்தால் போதும். தொண்டை வரை வந்தது. "தேதியைப் பாத்து ஒழுங்கா எழுது" என்றுதான் வாயில் வந்தது.

மனைவி ஸ்கேலை எடுத்து ஒப்பீட்டு வரிசைக்குப் பக்கத்தில் நேராக ஒரு கோடு போட்டார். மேலே 'என்ன நடந்தது' என்று எழுதினார். நூலகத்துப் பதிவேடுகளில் பழகிய கை. முதல் நாளுக்கு எதிரே எழுதினார்: 'இவர்.'

இரண்டாவது நாளுக்கு எதிரே: 'மேற்படி.'

மூன்றாவது நாள்: 'மேற்படி.' நாலாவது: 'மேற்படி.' பேனா எங்கும் நிற்கவில்லை, யோசிக்கவும் இல்லை. கேஜ்காரருக்கு முகம் சிவந்தது. காது மடல் சூடானது. மேஜையில் கை ஊன்றிக் குனிந்து, எங்காவது ஒரு பிழை கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது வரியில் கிடைத்தது.

"நிறுத்து! பன்னெண்டாம் நாள் நான் இங்கயே இல்ல. வெளியூர் ஆய்வுக்குப் போயிருந்தேன். நீயே தனியா கட்டிப் பாத்து எழுதி வச்சே. அன்னிக்கு எப்படி நான்?"

மனைவி அந்த வரியைப் பார்த்தார். சிவப்பில் நூற்று ஐம்பத்தொன்று என்று இருந்தது.

"மறுநாள் வருவீங்கன்னு தெரியும்ல" என்றார்.

கேஜ்காரர் வாயைத் திறந்தார். வாசலில் மச்சான் வண்டியை நிறுத்திவிட்டு வழக்கம்போல் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி பன்னிரண்டாவது வரியை அடிக்காமல், பதிமூன்றாவது வரிக்குப் போய் 'மேற்படி' என்று எழுதினார்.